டென்மார்க்காரரை நான் விசாரித்தது

எங்கள் குடும்பத்தில் ஆள் விசாரிப்பது என் பொறுப்பு. யாரும் எழுதித் தந்ததில்லை. இருபது வருடமாக அது என் தலையில் வந்து விழுந்து, அப்படியே நின்றுவிட்டது. ஒரு பெண்ணுக்கோ பையனுக்கோ சம்பந்தம் பேசினால் முதல் அழைப்பு எனக்குத்தான் வரும். மாப்பிள்ளைக்கு சூரிச்சில் உண்மையிலேயே என்ன வேலை, தாய் தகப்பன் எந்த ஊர், தகப்பனின் தமையன் ஏன் குடும்பத்தோடு கதைப்பதில்லை, எல்லாவற்றையும் மூன்று நாளில் எடுத்துக் கொடுத்துவிடுவேன். லண்டன் ரெய்னர்ஸ் லேனில் என் வீட்டுச் சமையலறையில் ஒரு தேநீரோடு உட்கார்ந்தால் பாரிஸுக்கு ஒரு அழைப்பு, டொரொண்டோவுக்கு ஒன்று, பேர்னுக்கு ஒன்று. அவ்வளவுதான். சம்பளத்துக்கு நான் பார்ப்பது ஒரு பள்ளிக்கூடத்தில் பராமரிப்பு வேலை. கொதிகலனைக் கவனிப்பது, கதவுகளைப் பூட்டுவது, பிள்ளைகள் கழிப்பறையில் திணித்த காகிதத்தை வெளியே எடுப்பது. ஆனால் உன் தொழில் என்ன என்று என் மனதைக் கேட்டால், அது விசாரணை என்றுதான் சொல்லும்.

ஆகவே என் சொந்த அக்கா, ஒரு வார்த்தை விசாரிக்காமல், முன்பின் தெரியாத ஒரு ஆளோடு இணையத்தில் பேசத் தொடங்கியதை எனக்குச் செய்த அவமரியாதை என்றே முதலில் எடுத்துக்கொண்டேன்.

அக்காவுக்கு ஐம்பத்தேழு வயது. மனோர் பார்க்கில் ஒரு வரிசை வீட்டில் தனியாக இருக்கிறார். அத்தான் இறந்து ஆறு வருடம். ஒரே மகள் வேலை கிடைத்து மான்செஸ்டருக்குப் போய்விட்டாள். நான் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை போய், முன்னறை சோபாவில் உட்கார்ந்து, இரண்டு மணி நேரம் நாட்டு நிலைமையைப் பேசி, சாப்பிட்டுவிட்டு வருவேன். அதைக் கடமை தவறாமல் செய்கிறேன் என்று எனக்குள் ஒரு திருப்தியும் இருந்தது.

குளிர்நாடுகளில் கறிவேப்பிலை வளர்ப்பவர்களுக்கென்று இணையத்தில் ஒரு அரட்டைத் தளம் இருக்கிறதாம். நான் முதலில் நம்பவில்லை. பிறகு பார்த்தேன். நோர்வே, ஜேர்மனி, கனடா என்று சிதறிக் கிடக்கும் எங்கள் ஆட்கள் பனிக்காலம் வந்ததும் அங்கே கூடி, இலை கொட்டிய கன்றுகளின் படத்தைப் போட்டு ஒப்பாரி வைக்கிறார்கள். அக்காவின் கன்றும் மூன்று பனிக்காலம் மூன்று தரம் செத்தது. நான்காவது கன்று வாட ஆரம்பித்தபோது டென்மார்க்கில் இருந்து ஒருவர், தண்ணீரை நிறுத்துங்கள், சாடியைத் தரையில் வைக்காமல் பலகை மேல் வையுங்கள், தினமும் போய்த் தொட்டுப் பார்க்காதீர்கள் என்று எழுதினார். கன்று பிழைத்தது. அதன் பிறகு இருவரும் தனி அரட்டைக்குப் போய்விட்டார்கள்.

எனக்குத் தகவல் வந்தது அக்காவின் மகளிடமிருந்து. அவள் சொன்ன குற்றச்சாட்டு இதுதான்: "மாமா, அம்மா போனைப் பார்த்துச் சிரிக்கிறா."

அடுத்த ஞாயிறு அக்காவே எல்லாவற்றையும் சொன்னார். ஒளிக்கவில்லை. ஆள் யாழ்ப்பாணத்தில் வடமராட்சிப் பக்கம், அறுபது வயது, மனைவி பிரிந்துபோய்ப் பல வருடம், ஒரு சின்னப் பட்டணத்தில் தங்கையின் குடும்பத்தோடு இருக்கிறார், பேருந்து ஓட்டியவர். இவ்வளவும் அவர் எழுதியதுதான். குரல் கேட்டதில்லை, முகம் பார்த்ததில்லை. காலையில் "எழும்பிட்டீங்களோ" என்று ஒரு செய்தி வரும். இரவு "கதவைப் பூட்டியாச்சோ" என்று ஒன்று வரும். நடுவில் நாள் முழுக்க ஏதாவது வந்துகொண்டிருக்கும்.

"தம்பி, நீ விசாரி," என்றார் அக்கா. "நீ சரியெண்டு சொன்னா நான் கதைக்கிறன். பிழையெண்டு சொன்னா விட்டிடுறன். ஆனா கெதியாய்ச் சொல்லு. எனக்கு ஒரு நாளைக்கு ஒராளோடைதான் கதை இருக்கு."

கடைசி வசனத்தை நான் அப்போது கவனிக்கவில்லை. என் காதில் விழுந்தது "நீ விசாரி" மட்டும்தான். எனக்கு உடம்பெல்லாம் உற்சாகமாகிவிட்டது. இதுவரை நான் விசாரித்தவர்களுக்கெல்லாம் பெயர், தகப்பன் பெயர், ஒரு கலியாண ஆல்பமாவது இருந்தது. இவரிடம் இருந்தது ஒரு கறிவேப்பிலைச் சாடியின் படம். அந்தப் படத்தில் சாடியைப் பிடித்தபடி ஒரு கை.

அந்தக் கையை நான் ஒரு மாலை முழுவதும் பெரிதாக்கிப் பார்த்தேன். மோதிரம் இல்லை. நகம் ஒட்ட வெட்டியிருந்தது. பெருவிரலில் ஒரு பிளாஸ்டர். பேருந்து ஓட்டுபவருக்குப் பெருவிரலில் காயம் எப்படி வரும் என்று அக்காவைக் கேட்டேன். மரக்கறி வெட்டும்போது வந்திருக்கும் என்றார். அப்படியானால் தங்கையின் வீட்டில் இருக்கிறவர் ஏன் தானே மரக்கறி வெட்டுகிறார் என்று கேட்டேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்துவிட்டு, ஏமாற்றுகிறவன் பிளாஸ்டர் ஒட்டிக்கொண்டா படம் எடுப்பான் என்று திருப்பிக் கேட்டார். நான் பிளாஸ்டரைச் சந்தேகப் பட்டியலில் சேர்த்துக்கொண்டேன்.

அக்காவின் மகளுக்கு இதெல்லாம் பைத்தியக்காரத்தனமாக இருந்தது. அவள் அந்தப் படத்தை இணையத்தில் தேடிப் பார்த்தாள், எங்கிருந்தாவது திருடிய படமா என்று. உலகத்தில் உள்ள அத்தனை கறிவேப்பிலைக் கன்றுகளும் வந்து நின்றன. நடுவில் ஒரு வேம்பும் நின்றது. பிறகு அவள் சொன்னாள், மாமா, இது சிம்பிள், ஒரு வீடியோ கால் போடச் சொல்லுங்கோ, அஞ்சு நிமிசத்தில் முடிந்துவிடும்.

நான் மறுத்துவிட்டேன். முகம் காட்டுவது விசாரணை முடிந்த பிறகு செய்கிற காரியம். இவர் அவரைப் பார்த்து, அவர் இவரைப் பார்த்துவிட்டால் பேச்சு முற்றாகி, சம்பந்தம் நிச்சயமாகிவிட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு நான் எதை விசாரிப்பது? தொலைபேசியில் குரல் கேட்பதற்கும் தடை போட்டேன். எங்கள் பள்ளிக்கூடத்தில் கணினி படிப்பிக்கும் ஆசிரியை, இப்போதெல்லாம் முகத்தையும் குரலையும்கூட இயந்திரமே செய்துவிடும், வீடியோவில் பார்த்தாலும் நம்ப முடியாது என்று சொன்னார். அதைக் கேட்டதும் எனக்குப் பெரிய ஆறுதல். என் முறைதான் மிஞ்சப்போகிறது என்று பட்டது. இயந்திரத்துக்கு எல்லாம் தெரியலாம், வடமராட்சியில் ஒரு குறுகிய ஒழுங்கைக்குள் பொதுக்கிணறு எந்தப் பக்கம் இருக்கிறது என்று தெரியுமா?

அப்படித்தான் வினாத்தாள் பிறந்தது. பத்துக் கேள்விகள். சந்தியிலிருந்து பிள்ளையார் கோயிலுக்குப் போகும்போது கிணறு இடப்பக்கமா வலப்பக்கமா? உங்கள் ஒழுங்கைக்குள் லொறி போகுமா? வீட்டுக்குக் கிழக்கு வேலி யாருடையது? பின்வளவில் நின்ற பனைகள் எத்தனை, இப்போதும் நிற்கின்றனவா? இப்படியே போகும். ஒரு நாளைக்கு ஒன்றாக, பேச்சுவாக்கில் கேட்பது போல அக்கா கேட்க வேண்டும். தம்பி கேட்கச் சொன்னான் என்று மட்டும் சொல்லக் கூடாது. யாருக்காக விசாரிக்கிறோம், யார் விசாரிக்கிறார்கள் என்பதை வெளியே விடுகிறவன் விசாரணைக்கு லாயக்கில்லாதவன். இது எங்கள் ஆட்களிடம் எழுதாத சட்டம்.

இதில் ஒரு சின்னச் சிக்கல் இருந்தது. நாங்கள் தென்மராட்சி, யாழ்ப்பாணத்தின் வேறொரு பகுதி. என் வினாத்தாளுக்கு எனக்கே விடை தெரியாது. அந்த ஊர்க்காரர் ஒருவர், கொழும்பில் என்னோடு ஒரே அறையில் இருந்தவர், டொரொண்டோவில் இருக்கிறார். அவரைக் கேட்டேன். ஒரு இடத்துக்காக விசாரிக்கிறேன் என்றேன். என்ன இடம் என்று அவர் கேட்கவில்லை; அவரும் சட்டம் தெரிந்தவர். கிணறு இடப்பக்கம் என்றார். உறுதிப்படுத்த பாரிஸில் இருக்கும் அவருடைய ஒன்றுவிட்ட அக்காவைக் கேட்டேன். வலப்பக்கம், கண்ணை மூடிக்கொண்டு போவேன் என்றார் அவர். நான் இதைத் திரும்ப டொரொண்டோவுக்குச் சொல்ல, அவர் பாரிஸுக்கு எடுத்துப் பேச, வார்த்தை தடித்து, அந்தக் கிணற்றால் அவர்கள் இருவருக்கும் இன்றுவரை பேச்சுவார்த்தை இல்லை.

டென்மார்க்காரர் எழுதிய பதில் இப்படி இருந்தது: பழைய பாதையால் போனால் இடம், புதுப் பாதையால் போனால் வலம், ஆனால் இப்போது கிணறே இல்லை, மூடிவிட்டார்கள், போன முறை ஊருக்குப் போனபோது பார்த்துவிட்டு வந்தேன். கடைசியில், ஏன் கேட்கிறீர்கள் என்று ஒரு வரியும் இருந்தது.

அக்காவுக்கு முகமெல்லாம் மலர்ச்சி. மூன்று பேர் சொன்னதில் இவர் சொன்னதுதானே பொருந்துகிறது என்றார். எனக்கு அதுதான் உறுத்தியது. உண்மையான ஊர்க்காரர்கள் இருவரும் தடுமாறும்போது இவர் மட்டும் பிசகில்லாமல் சொல்கிறார் என்றால், எங்கோ பாடமாக்கியிருக்கிறார். மற்ற ஒன்பது கேள்விகளையும் கேட்கச் சொன்னேன்.

நான்காவது கேள்விக்குப் பிறகு அவரும் ஒன்று கேட்டார். மிகவும் மரியாதையாகத்தான். உங்கள் கறிவேப்பிலையை இன்றைய பேப்பருக்குப் பக்கத்தில் வைத்து ஒரு படம் அனுப்புவீர்களா என்று. அக்கா ரயில் நிலையத்தில் சும்மா கிடைக்கும் பேப்பரை எடுத்துவந்து, சாடிக்குப் பக்கத்தில் நிறுத்தி, திகதி தெரியும்படி படம் எடுத்து அனுப்பினார். எனக்குக் கோபம் தலைக்கேறியது. நாங்கள் விசாரிக்கிற பகுதி. எங்களை விசாரிக்க இவர் யார்? பதிலுக்கு நீங்களும் அப்படி ஒரு படம் அனுப்புங்கள் என்று எழுதவைத்தேன். உடனே வந்தது. பக்கத்தில் இருந்த டேனிஷ் தாளை எங்கள் இருவராலும் வாசிக்க முடியவில்லை. கைபேசியைப் பிடித்து மொழிபெயர்த்துப் பார்த்தால், அது ஒரு கடையின் பன்றியிறைச்சி மலிவு விற்பனைத் துண்டு. ஆனால் அந்த வாரத்துக்குரியதுதான்.

இரண்டு மாதம் இப்படியே போனது. நான் ஒவ்வொரு முறையும், விசாரித்துக்கொண்டிருக்கிறேன், அவசரப்படாதே என்றேன். அக்கா அவசரப்படவில்லை. பெருமையோடு சொல்லவில்லை, வெட்கத்தோடுதான் சொல்கிறேன்: எனக்கு அந்த விசாரணை முடிய விருப்பமில்லை. அவ்வளவு சுகமாக இருந்தது.

பிறகு அந்த அழைப்பு வந்தது. ஒரு ஞாயிறு மதியம், வெஸ்ட் ஈலிங் அம்மன் கோயிலில் அன்னதான வரிசையில் தட்டோடு நின்றுகொண்டிருந்தேன். எனக்கு முன்னால் இரண்டு பெண்கள், பின்னால் ஒரு குடும்பம், எல்லோரும் முகம் தெரிந்தவர்கள். இலக்கம் வெளிநாட்டு இலக்கம். எடுத்தேன். ஒரு பெண் குரல், நாற்பத்தைந்து ஐம்பது வயதிருக்கும், டென்மார்க்கில் இருந்து எடுக்கிறேன் என்று, டொரொண்டோக்காரரின் பெயரைச் சொல்லி, அவர்தான் இந்த நம்பரைத் தந்தவர், நீங்கள் லண்டனில் ஆட்களை நன்றாக விசாரிப்பீர்களாம் என்றது.

என் புகழ் டென்மார்க் வரை போயிருக்கிறது என்று எனக்கு நெஞ்சு விம்மியது. சொல்லுங்கள் என்றேன்.

அவர் சொல்லச் சொல்ல என் கையில் இருந்த தட்டு மெல்லச் சரிந்தது. அவருடைய தமையனை லண்டனில் ஒரு மனுசி பிடித்து வைத்திருக்கிறாளாம். மனோர் பார்க்காம், தென்மராட்சியாம், புருசன் இல்லையாம். கறிவேப்பிலை வளர்க்கிறேன் என்று சொல்லிக்கொண்டு வந்தவளாம். முதலில் நல்ல மாதிரித்தான் பேசினாளாம். பிறகு ஒரு நாள் திடீரென்று கிணறு எந்தப் பக்கம் என்று கேட்டாளாம். பிறகு ஒழுங்கைக்குள் லொறி போகுமா என்று கேட்டாளாம். கிழக்கு வேலி யாருடையது என்று கேட்டாளாம்.

"அண்ணை, இது காணி பிடிக்கிற கூட்டம்," என்றார் அவர். "வெளிநாட்டிலை இருக்கிற ஆக்களின்ரை வளவைக் கள்ளப் பத்திரம், கள்ள உறுதி முடிச்சு விக்கிறாங்கள் எல்லோ. பனை எத்தினை எண்டும் கேட்டிருக்கிறா. எங்கடை அண்ணையெண்டா அவ நல்லவ, நல்லவ எண்டு நிக்கிறார். அப்பிடி ஒராளை உங்களுக்குத் தெரியுமோ?"

ஒரு கணத்தில் எனக்கு எல்லாம் தெளிவாகிவிட்டது. ஆள் உண்மையானவர். ஊர் உண்மை, தங்கை உண்மை, பிளாஸ்டரும் உண்மை. ஏமாற்றுக்காரன் எவனுக்கும் இப்படிச் சந்தேகப்படுகிற ஒரு தங்கை இருக்க முடியாது. இந்தத் தங்கை என்னைப் போலவே இருந்தார். என் விசாரணை வெற்றியாக முடிந்துவிட்டது. நான் சொல்ல வேண்டியது ஒரே ஒரு வசனம்: அது என் அக்கா, தங்கமான மனுசி.

முன்னால் நின்ற பெண்களில் ஒருவர் தலையைத் திருப்பாமல் காதை மட்டும் என் பக்கம் வைத்திருந்தார். அக்கா என்று நான் சொன்னால் அவர் கேட்பார். புருசன் இறந்த அக்கா, இணையத்தில், டென்மார்க் ஆளோடு. சாப்பாட்டுத் தட்டு காலியாவதற்குள் மண்டபம் முழுக்கப் போய்விடும். அதைவிட, யாருக்காக விசாரிக்கிறேன் என்று இருபது வருடமாக வெளியே விடாத வாய் இது. அது பழக்கத்தில் தானாகத் திறந்தது.

"அப்பிடி ஒராளோடை எனக்குப் பெரிசாய்ப் பழக்கமில்லை, தங்கச்சி," என்றேன்.

இதை வேறு யாரிடமாவது சொல்லியிருந்தால் சும்மா ஒரு பதில். எங்கள் ஆட்களிடம் விசாரிக்கும்போது இதற்கு என்ன மதிப்பு என்று எனக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். ஒரு குடும்பத்தைப் பற்றி யாரும் வாய் திறந்து கெட்டது சொல்வதில்லை. பாவம் வந்து சேரும் என்ற பயம். பழக்கமில்லை என்று சொல்லிவிட்டு நிறுத்திக்கொள்வார்கள். கேட்டவர் அந்தச் சம்பந்தத்தை அப்படியே விட்டுவிடுவார். நானே இப்படிச் சொல்லி இரண்டு கலியாணங்களை நிற்பாட்டியிருக்கிறேன்.

விளங்குது அண்ணை, பெரிய உதவி செய்தீர்கள் என்று மனம் நிறைந்த நன்றியோடு அவர் தொலைபேசியை வைத்தார். வரிசை நகர்ந்தது. என் தட்டில் சோறு போட்டார்கள். பருப்பு போட்டார்கள். நான் அதைச் சாப்பிடவும் செய்தேன்.

திரும்ப அழைத்துச் சொல்லலாம் என்று அன்று பின்னேரம் நினைத்தேன். மறுநாள் நினைத்தேன். என்னவென்று தொடங்குவது என்று தெரியவில்லை. அந்தத் தமையன் தன் தங்கை சொன்னதைக் கேட்கமாட்டார், நல்லவ நல்லவ என்றுதானே நிற்கிறார் என்று என்னைத் தேற்றிக்கொண்டேன். அவர் கேட்டுவிட்டார். புதன்கிழமையில் இருந்து அவரிடமிருந்து ஒரு செய்தியும் வரவில்லை. எழும்பிட்டீங்களோ இல்லை. கதவைப் பூட்டியாச்சோவும் இல்லை.

கோயிலில் அந்த அழைப்பு வந்த பத்தாம் நாள் அக்கா என்னை அழைத்தார். குரலில் அழுகை இல்லை. நீ சொன்னதுதான் சரி தம்பி, கள்ளன்தான் போலிருக்கிறது, அதிகம் கேள்வி கேட்டதும் ஓடிவிட்டான், நல்லகாலம் நீ பார்த்தாய் என்றார். எனக்கு நன்றி சொன்னார். ஒரே மாதத்தில் இரண்டு பெண்கள் எனக்கு நன்றி சொன்னது அதுதான் முதல் தடவை. கொதிகலன் அறையில் நின்று அதைக் கேட்டேன்.

வேலையை அரைநாளில் விட்டுவிட்டு ரயில் மாறி மனோர் பார்க்குக்குப் போனேன். மாதத்து ஞாயிறு அல்லாத ஒரு நாளில் என்னைக் கண்டதும், யார் செத்தது என்று கேட்டார் அக்கா. நான் சோபாவில் உட்கார்ந்து எல்லாவற்றையும் சொன்னேன். டென்மார்க்கில் இருந்து அவருடைய தங்கை அழைத்தது, காணி பிடிக்கும் கூட்டம் என்றது, வரிசையில் நின்ற பெண்ணின் காது, எதையும் விடவில்லை. அக்கா எதிரே கதிரையில் இருந்து கேட்டார். கடைசியில் ஒன்று மட்டும் கேட்டார்.

"என்னைத் தெரியாதெண்டோ சொன்னனீ?"

"பழக்கமில்லை எண்டு சொன்னனான்."

அவர் நான் கழற்ற மறந்து வந்த காலணிகளைப் பார்த்தார். பிறகு, அந்த நம்பர் இருக்கிறதா என்று கேட்டார். இருக்கிறது என்றேன். இப்போதே என் முன்னால் எடு, ஒலிபெருக்கியில் போடு என்றார்.

டென்மார்க்குத் தங்கை உடனே எடுத்தார். அண்ணை, சொல்லுங்கோ என்றார் அன்போடு. அன்றைக்கு நான் சொன்னது பிழை, அது என் கூடப்பிறந்த அக்கா என்றேன். பிறகு வந்த குரலில் அன்பு இல்லை. அப்படியென்றால் அன்றைக்கு ஏன் தெரியாது என்றீர்கள், இன்றைக்கு ஏன் அக்கா என்கிறீர்கள், இந்தப் பத்து நாளில் அவ உங்களைப் பிடித்துவிட்டாவா, இல்லை நீங்களும் அந்தக் கூட்டமா என்று கேட்டார். அவருடைய இடத்தில் நான் இருந்திருந்தால் அச்சொட்டாக இதையேதான் கேட்டிருப்பேன்.

"நீங்கள் தம்பியெண்டா நான் கேக்கிறதுக்குச் சொல்லுங்கோ பாப்பம்," என்றார். "அண்ணைக்கு அவ எழுதினதெல்லாம் நான் வாசிச்சனான். கறிவேப்பிலை இப்ப வீட்டிலை எங்கை நிக்குது?"

சமையலறை யன்னலில் என்றேன். அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. அக்கா கண்ணை மூடிக்கொண்டார். தங்கை திருத்தினார்: குளியலறைக்கு மாற்றி ஒரு மாதமாகிவிட்டதாம், ஈரப்பதன் நல்லதாம்.

"புதன்கிழமை பின்னேரத்திலை அவ எங்கை போறவ?"

புதன்கிழமை எங்கே போவார்? கோயிலுக்கு என்றேன். நீச்சல் வகுப்புக்கு, கவுன்சில் நீச்சல் குளத்துக்கு, நான்கு மாதமாகப் போகிறா, போன மாதம்தான் கையை விட்டு மிதந்தவ என்றார் தங்கை. நான் அக்காவைப் பார்த்தேன். என் அக்கா, கீரிமலைக்குப் போனாலும் கேணிப் படியில் உட்கார்ந்து கால் நனைத்துவிட்டு வருகிறவர், யன்னலுக்கு வெளியே பார்த்துக்கொண்டிருந்தார்.

"சரி, கடைசியாய் ஒண்டு. அவ ராவிலை எங்கை படுக்கிறவ?"

இது என்ன கேள்வி என்று எனக்குச் சினம் வந்தது. மேலே, தன் அறையில் என்றேன்.

"இல்லை," என்றார் அந்தப் பெண். அவருடைய குரலும் கொஞ்சம் தாழ்ந்துவிட்டது. "புருசன் செத்த நாளிலையிருந்து மேலை படுக்கிறேல்லை. கீழை, முன்னறையிலை, சோபாவிலைதான் படுக்கிறவ. ஆறு வருசம். உங்களுக்கு ஒண்டும் தெரியேல்லையே."

நான் உட்கார்ந்திருந்தது அந்தச் சோபாவில். ஆறு வருடம் மாதாமாதம் வந்து நாட்டு நிலைமை பேசியதும் அதில்தான். அப்போதுதான் கைப்பிடிக்குப் பின்னால் மடித்து வைத்திருந்த போர்வையையும் தலையணையையும் பார்த்தேன். அவை எப்போதும் அங்கே இருந்திருக்க வேண்டும். எனக்கு அழுகை வந்தது. ஐம்பத்து நான்கு வயதில், வேலைச் சட்டையோடு, கையில் போனைப் பிடித்துக்கொண்டு அழுதேன். அந்தப் பக்கம் இருந்தவர், ஹலோ, ஹலோ, இருக்கிறீங்களோ என்று கேட்டுக்கொண்டிருந்தார். நம்பக்கூடிய எந்த அத்தாட்சியும் என்னிடம் இருக்கவில்லை.

அக்கா எழுந்து வந்து என் கையில் இருந்து போனை வாங்கினார். வணக்கம், நான்தான் அந்த மனோர் பார்க் மனுசி என்றார். பேசுவது நீங்கள்தான் என்று எனக்கு எப்படித் தெரியும் என்று அந்தப் பெண் கேட்டது எனக்கும் கேட்டது.

"எனக்கு உங்கடை காணி வேண்டாம்," என்றார் அக்கா. "அந்தக் கேள்வியெல்லாம் இவன் எழுதித் தந்தது. இவன் என்ரை தம்பிதான். பொய் சொல்லுவான், ஒண்டும் தெரியாது, ஆனா ஆள் உண்மையான ஆள். அதுக்கு நான் பொறுப்பு."

பிறகு தூரத்தில் ஒரு கதவு, காலடி, டேனிஷில் யாரோ ஒரு பிள்ளையின் குரல். கொஞ்சம் இருங்கோ அக்கா, அண்ணையிட்டைக் குடுக்கிறன் என்றார் அந்தத் தங்கை. ஒரு ஆண் குரல் தயங்கித் தயங்கி, ஹலோ என்றது. அக்கா ஒலிபெருக்கியை அணைத்தார். போனைக் காதில் வைத்துக்கொண்டு சமையலறைக்குப் போய்க் கதவைச் சாத்தினார். உள்ளே அவர் என்ன பேசினார் என்று எனக்குத் தெரியாது. என் போன் திரும்பி வர முக்கால் மணி நேரம் ஆனது.